நிறுத்திவிட்டு வந்த வண்டி நிற்குமா?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வாசலுக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதில் நின்று பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் போகும் பெருந்தெருவில் பஸ்கள் ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கும். மறுபுறம் ஏறாவூர், செங்கலடி, சித்தாண்டி, ஓட்டமாவடி என்று நாலா ஊர்களிலிருந்தும் மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டிகளும் வந்து சேர்ந்துகொண்டிருக்கும். 1981இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அது. அந்நாளில் பஸ்ஸையும் துவிச்சக்கர வண்டியையும் நம்பி வந்த பிள்ளைகள் ஏராளம். இன்றோ பெண் பிள்ளைகளும் தலைக்கவசம் அணிந்து, புத்தகப் பையை முன்னால் வைத்து, தாமே ஓட்டி வருகிறார்கள்.

என் மூத்த மகளும் அவர்களில் ஒருத்தி. ஏறாவூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறாள். அவள் வீட்டுப் படி இறங்கும்போது மற்ற உம்மாமார் "சாப்பாடு எடுத்தியா?" என்று கேட்பார்கள். என் வீட்டில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வரும். "சங்கிலி எடுத்தியா மகள்?"

கழுத்துச் சங்கிலியை அல்ல. வண்டியைக் கட்டும் இரும்புச் சங்கிலியைத்தான் அவள் உம்மா கேட்கிறாள். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஐந்து நிமிட வேலை

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம். என் உம்மா சுகமில்லாமல் நகரத்தில் ஒரு வைத்தியசாலையில் தங்கியிருந்தார். பகல் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என்னுடைய வண்டி கராஜில் கிடந்ததால், தங்கச்சியின் கணவரான மச்சானிடம் அவருடைய மோட்டார் சைக்கிளை இரவல் கேட்டேன். மறுபேச்சில்லாமல் திறப்பைத் தந்தார். "மச்சான், ஹேண்டில் லொக் வேல செய்யாது. கொஞ்சம் பாத்து வைங்க" என்று ஒரு வார்த்தையும் சொன்னார்.

வைத்தியசாலை மதில் ஓரமாக, வேறு பத்துப் பதினைந்து வண்டிகளுக்கு நடுவே நிறுத்தினேன். தலைக்கவசத்தைப் பக்கக் கண்ணாடியில் மாட்டினேன். திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஐந்து நிமிட வேலைதானே என்று உள்ளே போனேன். உம்மா இரண்டு வாய் சாப்பிடும்வரை பக்கத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு ஒன்று மட்டும் கிடந்தது.

பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "ஹெல்மட் போட்ட தம்பி ஒருவர் எடுத்துப் போனார். உங்கட ஆள் என்றுதான் நினைச்சேன்" என்றார். அந்த ஹெல்மட் நான் மாட்டிவிட்டு வந்ததுதான்!

வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை. கள்வனை நான் பார்க்கவுமில்லை. ஆனால் அன்று நான் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பூட்டாத ஹேண்டில், சங்கிலி இல்லாத சில்லு, கண்ணாடியில் தொங்கவிட்ட தலைக்கவசம், "ஐந்து நிமிடம்" என்ற எண்ணம். நான்கும் என்னுடையவை. கள்வன் செய்தது ஐந்தாவது காரியம்.

கட்டுவதும் நம் கடமை

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மீது பாரம் சாட்டலாமா என்று கேட்ட மனிதருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நம் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும். நானும் வகுப்பில் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனினும் அதை ஒட்டகத்தின் கதையாகவே சொன்னேன். மச்சானின் மோட்டார் சைக்கிளோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹ் படித்த காலத்தில் "ஹிர்ஸ்" என்று ஒரு சொல்லைப் படித்தோம். ஒரு பொருளுக்கு வழக்கமாக இருக்க வேண்டிய பாதுகாப்பு என்பது அதன் கருத்து. களவுக்குரிய தண்டனையைப் பற்றிப் பேசும் இடத்தில் சட்ட அறிஞர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "அந்தப் பொருள் அதற்குரிய பாதுகாப்பில் இருந்ததா?" என்பதாகும். பணத்துக்குப் பெட்டி, கால்நடைக்குத் தொழுவம், கடைச் சாமானுக்குப் பூட்டிய கதவு என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு பாதுகாப்பு. எது போதுமான பாதுகாப்பு என்பதை அந்தந்த ஊரின் வழக்கமே தீர்மானிக்கும். பாதுகாப்பும் இரண்டு வகை. இடத்தால் வரும் பாதுகாப்பு ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும் ஆளால் வரும் பாதுகாப்பு மற்றொன்று.

ஸஃப்வான் இப்னு உமையா (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் தம் போர்வையைத் தலைக்கு வைத்துத் தூங்கியபோது ஒருவன் அதை உருவி எடுத்து அகப்பட்ட சம்பவம் ஹதீஸ் நூல்களில் வருகிறது. கதவில்லாத பொது இடமாக இருந்தாலும் தலைக்குக் கீழே வைத்த பொருள் பாதுகாப்பில் உள்ள பொருளே என்று அறிஞர்கள் இதிலிருந்து விளங்கிக்கொண்டார்கள்.

அந்தத் தண்டனைச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதைப் பேசுவது இங்கு என் நோக்கமுமல்ல. நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றுதான். களவைக் கடுமையாகப் பார்த்த மார்க்கம், பொருளுக்குரியவரையும் பார்த்து "நீ உன் பங்கைச் செய்தாயா?" என்று கேட்கிறது. தெருவோரத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு இன்றைய ஹிர்ஸ் என்ன? பூட்டு, சங்கிலி, வெளிச்சம், பார்த்துக்கொள்ளும் ஒரு கண். இவை நான்கும்தான்.

கள்வன் எதைப் பார்க்கிறான்?

சகோதரிகளே, வண்டி களவு என்றதும் இரவு, இருட்டு, முகமூடி என்றெல்லாம் நினைக்க வேண்டாம். பட்டப்பகலில், சனம் நடமாடும் இடத்தில்தான் பல வண்டிகள் போகின்றன. கூட்டத்தில் ஒருவர் வண்டியை எடுத்தால் அது அவருடையது என்றே எல்லோரும் எண்ணுவார்கள். இளநீர்க்காரர் எண்ணியது போல.

கள்வன் முதலில் தேடுவது திறப்போடு நிற்கும் வண்டியை. கடைக்குள் பாண் வாங்கப் போகிறோம், பிள்ளையைப் பாடசாலை வாசலில் இறக்குகிறோம் என்று திறப்பை அப்படியே விட்டுப்போவோர் எத்தனை பேர்! அடுத்து, ஹேண்டில் பூட்டாத வண்டி. அப்படிப்பட்டதை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனால் பெட்ரோல் முடிந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார். மூன்றாவது, பழைய வண்டி. பல வருடம் ஓடிய வண்டியில் திறப்புத் துவாரத்தின் உட்பற்கள் தேய்ந்திருக்கும். வேறொரு வண்டியின் திறப்பைப் போட்டாலும் சில வேளை திரும்பிவிடும். உங்கள் வண்டியில் திறப்பு தொளதொளவென்று ஆடினால் பூட்டையே மாற்றிவிடுங்கள். மச்சானின் வண்டியும் அந்த வகைதான்.

ஹேண்டில் பூட்டை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. வண்டியின் கழுத்துப் பகுதியில் உள்ள ஒரு குழிக்குள் சிறிய இரும்பு முனை ஒன்று போய் அமர்வதுதான் அந்தப் பூட்டு. பலங்கொண்டு ஹேண்டிலைத் திருகினால் அது உடைந்துபோகக் கூடும். அதனால்தான் இரண்டாவது பூட்டு வேண்டும் என்கிறோம். இரண்டும் இரண்டு வகையாக இருந்தால் நல்லது. ஒன்றை உடைக்கக் கொண்டுவந்த ஆயுதம் மற்றதற்கு உதவாது.

ஜெர்மனியிலிருந்து ஒரு பாடம்

தலைக்கவசத்துக்கும் களவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மேற்கு ஜெர்மனியில் 1980ஆம் ஆண்டு, தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு அந்த இடத்திலேயே தண்டப்பணம் விதிக்கும் நடைமுறை வந்தது. விபத்தில் உயிர் போகாமல் காப்பதே அதன் நோக்கம். ஆனால் எதிர்பாராத இன்னொரு பயனும் கிடைத்தது. அந்த ஆண்டில் ஒன்றரை இலட்சம் அளவில் இருந்த மோட்டார் சைக்கிள் களவுகள், 1986இல் ஏறத்தாழ 54 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. கார் களவில் அப்படியொரு வீழ்ச்சி காணப்படவில்லை.

காரணம் எளிது. போகிற போக்கில் ஒரு வண்டியைக் கண்டு ஆசைப்பட்டு எடுப்பவனின் கையில் தலைக்கவசம் இராது. வெறும் தலையோடு ஓட்டினால் முதல் சந்தியிலேயே பொலிஸார் மறிப்பார்கள். வாய்ப்புக் கிடைத்தால் களவெடுப்போம் என்று திரிந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது.

நம் நாட்டிலும் தலைக்கவசம் கட்டாயம். அப்படியானால் ஜெர்மனி மக்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு நமக்கும் கிடைக்க வேண்டுமல்லவா? நாம்தான் அதைக் கெடுத்துக்கொள்கிறோம். தலைக்கவசத்தைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகிறோம். கள்வனுக்கு வண்டியோடு சட்டப்படியான தோற்றத்தையும், முகத்தை மறைக்க ஒரு மூடியையும் சேர்த்துக் கொடுக்கிறோம். இனிமேல் அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாரமாக இருந்தால் ஆசனப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். அல்லது சங்கிலியை அதனூடாகவும் கோத்துவிடுங்கள்.

சங்கிலி போடும் முறை

கடைக்காரர் தரும் முதல் சங்கிலியை வாங்கி, முன் சில்லில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணக் கூடாது. முன் சில்லைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைத் தூக்கிப் போகலாம். பின் சில்லையும் வண்டியின் உடற் சட்டத்தையும் சேர்த்துக் கட்டுவதே முறை. பக்கத்தில் நிலத்தில் ஊன்றிய இரும்புத் தூணோ, வலுவான கம்பி வேலியோ இருந்தால் அதனோடும் சேர்த்துக் கட்டுங்கள். எதனோடும் கட்டாத வண்டியை இரண்டு பேர் சேர்ந்து சிறிய லொறியில் தூக்கிப் போட்டுவிடலாம்.

சங்கிலியும் பூட்டும் நிலத்தில் கிடக்கக் கூடாது. நிலத்தில் கிடந்தால் அதையே அடைகல்லாக வைத்துச் சுத்தியலால் அடித்து உடைக்க முடியும். அந்தரத்தில் தொங்கினால் அடி விழாது.

முன் சில்லின் வட்டத்தட்டில் மாட்டும் சிறிய பூட்டுகளும் கிடைக்கின்றன. கைப்பைக்குள் அடங்குவதால் பெண்களுக்கு வசதியானவை. ஆனால் பூட்டியதை மறந்து வண்டியைக் கிளப்பினால் விழுந்து காயப்பட நேரும். ஹேண்டிலில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிக்கொள்ளுங்கள். நாடாவைக் காணும்போது பூட்டு ஞாபகம் வரும்.

நம்முடையது வாவியும் கடலும் சூழ்ந்த பிரதேசம். உப்புக் காற்றில் பூட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்து இறுகியதும், "நாளைக்குப் பார்ப்போம்" என்று பூட்டாமலே விட்டுவிடுவோம். தையல் மெசினுக்கு ஊற்றும் எண்ணெய் உங்கள் வீட்டில் நிச்சயம் இருக்கும். மாதம் ஒருமுறை இரண்டு சொட்டுப் பூட்டுக்கும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். அது நாளடைவில் பிசினாகி உள்ளே தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய மாதிரி வண்டிகளில் பெட்ரோலை நிறுத்தும் சிறிய டெப் ஒன்று இருக்கும். நீண்ட நேரம் நிறுத்தும்போது அதை மூடிவிடுங்கள். கள்வன் வண்டியைக் கிளப்பினாலும் மிச்சம் கிடக்கும் பெட்ரோலில் சிறிது தூரம்தான் ஓடும். பிறகு நடுத்தெருவில் நின்றுவிடும். புதிய வண்டிகளில் இந்த வசதி இல்லை. அவற்றுக்கு எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு, வெளியில் தெரியாத இடத்தில் மின்சாரத்தை நிறுத்தும் ஒரு சுவிட்ச் போடுவிக்கலாம். அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டார் மட்டும் அறிந்திருந்தால் போதும்.

வீட்டு வளவிலும் கவனம்

வெளியில் அவ்வளவு கவனமாக இருப்பவர்களும் வீட்டுக்கு வந்ததும் அசட்டையாகிவிடுவதுண்டு. வளவுக்குள் வந்துவிட்டது, இனி என்ன பயம் என்று திறப்போடு மாமரத்தடியில் விட்டுவிடுகிறோம். 2022ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெட்ரோல் 470 ரூபாவானது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டார்கள். அந்நாட்களில் வண்டி இருக்க, அதன் வயிற்றிலிருந்த பெட்ரோலைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தவர்களும் இருந்தார்கள். நம்மில் பலர் வண்டியை விறாந்தைக்கு ஏற்றி, தூணோடு கட்டத் தொடங்கியது அப்போதுதான். 2023 செப்டம்பரில் கியூஆர் முறை நீங்கியது. அதோடு அந்தப் பழக்கமும் பல வீடுகளில் நீங்கிவிட்டது. அதை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள் ஏற்றுவதானால் குசினிப் பக்கம் வேண்டாம். பெட்ரோல் ஆவியும் கேஸ் அடுப்பும் ஓரிடத்தில் இருக்கக் கூடாதவை.

திறப்பை ஜன்னல் படியிலோ, கதவோர ஆணியிலோ தொங்கவிடாதீர்கள். இரண்டாவது திறப்பை அலுமாரிக்குள் வையுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் "ஒரு ரவுண்டு" போக எடுப்பதும் களவின் முதல் படிதான். அனுமதிப்பத்திரமில்லாத பிள்ளை அந்த ஒரு ரவுண்டில் ஒரு உயிரையே எடுத்துவிட முடியும்.

பள்ளிவாசல் முற்றத்தில்

ஜும்ஆ நேரத்திலும் தராவீஹ் நேரத்திலும் நம் பள்ளிவாசல் முற்றங்களைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்கும். ஒரு கண்ணும் அவற்றின் மீது இராது. தொழுகை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்பது ஊருக்கே தெரிந்த விடயம். கள்வனுக்கு அதைவிட நல்ல நேரசூசி வேண்டுமா?

தமிழ்நாட்டில் ரயில் நிலையங்களிலும் பஸ் நிலையங்களிலும் வண்டி நிறுத்தும் இடத்தில் ஓர் ஆள் இருந்து சீட்டுக் கொடுப்பார். சீட்டைக் காட்டினால்தான் வண்டி வெளியே வரும். சைக்கிள் காலத்திலிருந்து அங்கே இருந்துவரும் ஏற்பாடு இது. நம் ஜமாஅத்துகளும் இதைச் செய்ய முடியும். நிலத்தில் இரண்டு அடி உயரத்துக்கு ஒரு நீண்ட இரும்புக் குழாயைச் சீமெந்து இட்டு ஊன்றினால் ஐம்பது வண்டிகளுக்குச் சங்கிலி கோர்க்கலாம். ஒரு நல்ல மின்குமிழ், முறை வைத்து நிற்க இரண்டு வாலிபர்கள். இவ்வளவுதான் தேவை. நிர்வாகத்தில் உள்ள உங்கள் கணவர்மாரிடமும் காக்காமாரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள். திருமண வீடு, கந்தூரி வீடு, பெண்கள் மத்ரஸா என்று பெண்கள் கூடும் இடங்களிலும் ஸ்கூட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். ஆளால் வரும் பாதுகாப்பு என்று அறிஞர்கள் சொன்னது இதைத்தான்.

இரவல் வண்டி யார் பொறுப்பு?

இனி என் கதைக்கு வருகிறேன். வண்டி போன அன்று பின்னேரம் மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் நிலைமையைக் கண்டுகொண்டார். "மச்சான், அத உட்டுடுங்க. உம்மாவப் பாக்கப் போன இடத்துலதானே போன. நமக்குள்ள என்ன கணக்கு?" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க புள்ளையளுக்கு என்னத்தப் படிச்சிக் குடுக்கிறீங்களோ, அதச் செய்ங்க" என்றாள்.

நான் என்ன படித்துக் கொடுத்தேன்? இரவல் வாங்கிய பொருளை "ஆரியத்" என்பார்கள். அது தொலைந்தால் யார் பொறுப்பு என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வாங்கியவர் கவனக்குறைவாக இருந்தால்தான் பொறுப்பு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலோ, அனுமதித்தபடி பயன்படுத்தியதால் தேய்ந்தாலே தவிர, கவனக்குறைவு இல்லாவிட்டாலும் வாங்கியவரே பொறுப்பு. ஹுனைன் போருக்காக நபி (ஸல்) அவர்கள் கவச உடைகளை இரவல் கேட்டபோது, பலவந்தமாகவா எடுக்கிறீர்கள் என்று உரியவர் கேட்டார். இல்லை, பொறுப்பேற்றுக்கொள்ளும் இரவலாகவே கேட்கிறோம் என்று பதில் கிடைத்தது. அந்தக் கவச உடைகளுக்கு உரியவர் வேறு யாருமல்லர். பள்ளிவாசலில் போர்வையைத் தலைக்கு வைத்துத் தூங்கிய அதே ஸஃப்வான்தான்.

என் விடயத்தில் இரண்டு மத்ஹபும் ஒன்றுதான். எச்சரித்துத் தந்த பிறகும் நான் கவனக்குறைவாக இருந்தேன்.

அடுத்தது விலை. மச்சான் அந்த வண்டியை 2017இல் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவுக்கு வாங்கியிருந்தார். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வண்டிகளின் விலை ஏறிவிட்டிருந்தது. அதே மாதிரி வண்டி 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் மேல். எந்த விலையைக் கொடுப்பது? பொருள் தொலைந்த நாளின் பெறுமதியே கொடுக்கப்பட வேண்டும் என்பது மத்ஹபின் தீர்ப்பு. ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்தைக் கொடுத்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள்ள நானும் ஒரு கணம் ஆசைப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

மனைவியின் இரண்டு வளையல்கள் போயின. மீதியைப் பதினான்கு மாதம் தவணையாகக் கொடுத்தேன். மச்சான் வாங்க மறுத்தார். "மன்னிப்பது உங்கள் உரிமை, கொடுப்பது என் கடமை" என்று தங்கச்சியின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசித் தவணையை மட்டும் அவர் எங்கள் மகளின் கையில் திருப்பி வைத்து, "ஒனக்கு ஸ்கூட்டி வாங்கினா, இதுல ஒரு நல்ல சங்கிலி வாங்கு மகள்" என்றார். அவள் இன்று கொண்டுபோகும் சங்கிலி அதுதான்.

ஆகவே சகோதரிகளே, இரவல் கொடுக்கும்போது வண்டியின் குறையைச் சொல்லிக் கொடுங்கள். வாங்கும்போது, "தொலைந்தால் நான் கொடுக்க வேண்டியது" என்ற நினைப்போடு வாங்குங்கள். லீசிங்கில் எடுத்த வண்டியானால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வண்டி போனாலும் தவணை போகாது. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி களவுக்கு ஈடு தராது. முழுக் காப்புறுதி வேறு. தகாபுல் முறையிலும் அது கிடைக்கிறது. உங்களிடம் இருப்பது எது என்று இன்றே அந்தக் கடதாசியை எடுத்துப் பாருங்கள்.

களவு போய்விட்டால்

முதல் காரியம், தேடி அலைவதல்ல, அறிவிப்பது. 119க்கு அழையுங்கள். வண்டி போன இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் உடனே முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு இலக்கம், எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம், கீறல், ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். என்னிடம் அன்று பதிவு இலக்கம் மட்டுமே இருந்தது. வண்டியையும் அதன் பத்திரங்களையும் தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பத்திரங்களின் மூலப் பிரதிகளை ஆசனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் லீசிங் கம்பனிக்கும் அன்றே அறிவியுங்கள்.

ஏன் இந்த அவசரம்? போன வண்டி எந்தக் கையில் எதற்குப் பயன்படும் என்று நாம் அறியோம். சங்கிலி பறிப்புக்கும் இன்னும் பெரிய குற்றங்களுக்கும் களவெடுத்த வண்டிகளைக் கொண்டுபோவதுண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, தெருவோரம் நிற்கும் வண்டியையே நாடு பயத்தோடு பார்த்தது. நிறுத்தும் வாகனத்தில் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைக்கும்படி கேட்கப்பட்டது. வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அருகே நின்ற ஒரு மோட்டார் சைக்கிளைச் சந்தேகத்தின் பேரில் பாதுகாப்புப் படையினர் வெடிக்க வைத்தார்கள். அதில் குண்டு எதுவும் இருக்கவில்லை. முறைப்பாடு செய்யாத வண்டி ஒரு குற்றத்தில் சிக்கினால், பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரைத் தேடித்தான் முதலில் வருவார்கள். அந்நாட்களில் நம் சமூகம் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதே காரணத்துக்காக, வண்டியை விற்றாலும் வாங்கினாலும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கையொப்பமிட்ட கடதாசியை மட்டும் கொடுத்து வாங்கும் வழக்கம் நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. அது இரு தரப்புக்கும் ஆபத்து.

மலிவாகக் கிடைக்கிறதா?

கடைசியாக, மனதில் பட்ட ஒன்று. களவெடுத்த வண்டியை வாங்க ஆள் இல்லாவிட்டால் களவெடுக்க ஆள் வரமாட்டான். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. ஆனாலும் புது வண்டி சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். அந்த வேளையில் "பத்திரம் இல்ல, ஆனா பாதி விலை" என்று ஒருவர் வந்தால் மனம் சபலப்படும். கண்ணாடி, சில்லு, பற்றரி என்று கழற்றிய சாமான்களும் அப்படி வரும். களவுப் பொருள் என்று அறிந்து வாங்குவது சட்டப்படி குற்றம். அறியாமல் வாங்கினாலும் உரியவர் வந்தால் பொருளை இழக்க நேரும். எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு வண்டியும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

அந்தப் பாதி விலை வண்டிக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அங்கே ஒரு பெண் தன் கையிலிருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்திருப்பாள். எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

நேற்று மகளோடு மட்டக்களப்பு நகரத்துக்குப் போயிருந்தேன். வெற்றிலை வாங்க வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு எட்டு வைத்திருப்பேன். "வாப்பா, திறப்ப எடுத்தீங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். திறப்பு வண்டியிலேயே இருந்தது.

மனிதன் மறதி உள்ளவன். ஆகவே ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்துவோம். உங்கள் வீட்டிலும் இன்றிலிருந்து அந்தக் கேள்வி ஒலிக்கட்டும். நம் பொருளையும் பிறர் நம்மிடம் நம்பித் தந்த பொருளையும் காத்துக்கொள்ளும் கவனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.